எங்கே நிறுத்துவது? வழிபாட்டில் வாசிக்கப்படும் வேதம்

கி.பி. 303, மே 19. வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்ற நகரம். இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன். கிறிஸ்தவர்களின் வேதநூல்களைப் பறித்து எரிக்கும்படி பேரரசர் தியோக்ளேசியன் அவ்வாண்டு பிப்ரவரியில் ஆணை பிறப்பித்திருந்தார். அந்த ஆணையோடு நகர அதிகாரி முனாத்தியுஸ் பேலிக்ஸ், சபை கூடும் வீட்டுக்கு வருகிறார். உடன் வந்த எழுத்தர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொள்கிறார்கள். பொற்கிண்ணம் இரண்டு, வெள்ளிக் கிண்ணம் ஆறு, பெண்களின் அங்கி 82, பெண்களின் காலணி 47 இணை. புத்தக அலமாரிகள் மட்டும் காலியாக இருக்கின்றன. ஒரு துணைத் திருத்தொண்டர் மிகப் பெரிய கையெழுத்து நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். மற்றவை எங்கே என்று அதிகாரி கேட்க, எல்லாம் வாசகர்களிடம் இருக்கின்றன என்று பதில் வருகிறது. வாசகர்கள் யார் யார்? அதைச் சொல்ல இரு துணைத் திருத்தொண்டர்கள் மறுக்கிறார்கள். நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர், வேண்டுமானால் எங்களைக் கொல்லுங்கள் என்கிறார்கள். அவர்களைச் சிறையில் அடைத்துவிட்டு அதிகாரி வீடு வீடாகப் போகிறார். இலக்கண ஆசிரியராகப் பிழைப்பு நடத்திய ஒரு வாசகரின் வீட்டில் சில நூல்கள் சிக்குகின்றன. கணவர் ஊரில் இல்லாத இன்னொரு வீட்டில் மனைவி ஆறு நூல்களை எடுத்துத் தருகிறார். மாலைக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் பறிபோகின்றன.

இந்தப் பதிவேடு, 320இல் நடந்த ஒரு வழக்கில் சான்றாக வாசிக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. அன்று நூலைக் கொடுத்தவர்கள் தொடர்ந்து ஆயர்களாக இருக்கலாமா என்ற சண்டையில் வட ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்து நூறாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்தப் பிளவைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகவே எழுதியிருக்கின்றன. நான் பார்க்க விரும்புவது வேறொன்று. புத்தகங்கள் ஆயரிடம் இல்லை, ஆலயத்தில் இல்லை, வாசகர்களின் வீடுகளில் இருந்தன. அவற்றை உரக்கப் படித்துச் சபைக்குக் கேட்கச் செய்பவர்களே அவற்றின் காவலர்களாகவும் இருந்தார்கள். கிறிஸ்தவ வழிபாட்டில் வேதத்தின் இடம் என்ன என்ற கேள்வியை மறையுரையிலிருந்தும் இறையியலிலிருந்தும் தொடங்குவது வழக்கம். அதை வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. யார் படிக்கிறார்கள், எதைப் படிக்கிறார்கள், எந்த வசனத்தில் நிறுத்துகிறார்கள் என்பவைதாம் ஒரு சபைக்கு எந்த வேதம் கிடைக்கிறது என்பதை முடிவு செய்கின்றன.

ரோமைப் பேரரசில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துக்கு ஒருவர் அல்லது இருவர்தாம் என்பது அறிஞர்களின் பொது மதிப்பீடு. கையெழுத்து நூலின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. எனவே பெரும்பான்மைக் கிறிஸ்தவர்களுக்கு வேதம் என்பது காதில் விழுந்தது மட்டுமே. புதிய ஏற்பாட்டு நூல்களே இதை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. கொலோசையருக்கு எழுதிய மடல், தன்னைப் படித்து முடித்தபின் லவோதிக்கேயா சபையிலும் படிக்கச் சொல்கிறது. திருவெளிப்பாடு தன் தொடக்கத்தில் வாசிக்கும் ஒருவரையும் கேட்கும் பலரையும் சேர்த்தே பேறுபெற்றவர்கள் என்கிறது. இதன் வேர் யூத மரபில் இருக்கிறது. எருசலேமின் தண்ணீர் வாயில் சதுக்கத்தில் எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல் வரை திருச்சட்டத்தைப் படித்தார், சுருளைத் திறந்ததும் மக்கள் எழுந்து நின்றார்கள், கேட்டு அழுதார்கள் என்று நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏறத்தாழ 155இல் ரோம் நகரில் ஜஸ்டின் எழுதிய விளக்கவுரையில் ஞாயிறு வழிபாட்டின் மிகப் பழைய வருணனைகளுள் ஒன்று இருக்கிறது. ஊரிலும் நாட்டுப்புறத்திலும் வாழ்வோர் ஓரிடத்தில் கூடுகிறார்கள்; திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை படிக்கப்படுகின்றன; பிறகு தலைவர் பேசுகிறார்; எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள்; அப்பமும் இரசமும் கொண்டுவரப்படுகின்றன. நேரம் இருக்கும்வரை என்ற குறிப்பைக் கவனிக்க வேண்டும். படிப்பு அங்கே பேச்சுக்கான முன்னுரையாக இல்லை.

வேதாகமத்தில் எந்தெந்த நூல்கள் சேரும் என்ற கேள்வியும் முதலில் வழிபாட்டுக் கேள்வியாகத்தான் எழுந்தது. சபையில் எதைப் படிக்கலாம் என்று கேட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோனிடம், பேதுரு நற்செய்தி என்ற நூலைப் படிக்கலாமா என்று ரோசுஸ் ஊர்ச் சபை கேட்டது. அவர் முதலில் இசைந்தார். பிறகு நூலை வரவழைத்துத் தாமே படித்துப் பார்த்து இசைவைத் திரும்பப் பெற்றார். முரத்தோரியப் பட்டியல் எனப்படும் பழைய ஏடு, எர்மாவின் மேய்ப்பர் என்ற நூலைத் தனியே படிக்கலாம், சபையில் மக்களுக்குப் படிக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்கிறது. 397இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம், ஏற்கப்பட்ட நூல்களைத் தவிர வேறெதையும் இறைவேதம் என்ற பெயரில் ஆலயத்தில் படிக்கக் கூடாது என்று விதித்தது; மறைசாட்சிகளின் வரலாற்றை அவர்கள் நினைவு நாளில் படிக்க மட்டும் விட்டுவைத்தது. வேதாகமம் என்று இன்று நாம் கையில் எடுக்கும் நூலின் பொருளடக்கம், வாசக மேடையில் எதற்கு இடமுண்டு என்ற முடிவுகள் சேர்ந்து உருவானது.

அந்த மேடையில் ஏறுபவரும் சாதாரணமாக ஏறிவிடவில்லை. 250ஐ ஒட்டிய துன்புறுத்தலுக்குப் பின் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் இரண்டு பேரை வாசகர்களாக நியமித்துத் தம் மக்களுக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் அவுரேலியுஸ், வயதில் இளையவர். மற்றவர் செலரினுஸ், சிறையில் பட்ட காயங்களின் தழும்பு உடலில் மாறாதவர். சிப்ரியானின் வாதம் நேரானது. அரசு அதிகாரியின் முன் கிறிஸ்துவை அறிக்கையிட்ட வாய்தான் நற்செய்தியை மக்கள் முன் படிக்கத் தகுந்தது. அவர் உயரமான இடத்தில் நின்று படிக்கட்டும், எல்லாரும் அவரைப் பார்க்கட்டும். வாசிப்புக்கு இதைவிடப் பெரிய மதிப்பை யாரும் கொடுத்ததாக நான் அறியேன். இன்று பல ஆலயங்களில் வழிபாடு தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது யாராவது ஒருவர் கையில் நூலைத் திணித்துப் படிக்கச் சொல்வதைப் பார்க்கையில் இந்தக் கடிதங்கள் நினைவுக்கு வந்து வருத்துகின்றன.

எதைப் படிப்பது என்பதோடு எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. லூக்கா நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இயேசு நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் படிக்க எழுகிறார். எசாயாவின் சுருள் அவரிடம் தரப்படுகிறது. ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை, பார்வையற்றோருக்குப் பார்வை என்று போய், ஆண்டவரின் அருள்தரும் ஆண்டு என்ற இடத்தில் வாசகம் முடிகிறது. சுருள் அங்கே முடியவில்லை. எசாயா 61ஆம் அதிகாரத்தில் அதே மூச்சில், கடவுள் பழிவாங்கும் நாளும் அறிவிக்கப்படுகிறது. லூக்காவின் இயேசு அந்தச் சொற்களுக்கு முன் சுருளைச் சுருட்டிப் பணியாளரிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறார். 58ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வரி நடுவே வந்து சேர்ந்தும் இருக்கிறது. வாசகத்தின் எல்லையை வகுப்பது விளக்கம் சொல்வதற்கு ஈடான செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. பின்னால் வந்த வாசகப் பட்டியல்கள் எல்லாம் இப்படித்தான் எல்லை வகுக்கின்றன. வகுக்காமல் இருக்க முடியாது. ஆகவே வெட்டினார்கள் என்று குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை. எந்த இடத்தில், யார் பொருட்டு என்று கேட்பதே நோக்கம்.

நான்காம் நூற்றாண்டில் நாளுக்கும் இடத்துக்கும் பொருந்த வாசகங்களைத் தேரும் கலை எருசலேமில் செழித்தது. 381க்கும் 384க்கும் இடையே அங்கே தங்கியிருந்த எகேரியா என்ற பெண் பயணி, ஒவ்வொரு விழாவிலும் அந்த நாளுக்கும் அந்த இடத்துக்கும் ஏற்ற பகுதிகளே படிக்கப்பட்டதை வியந்து வியந்து எழுதுகிறார். பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை வாசகங்களும் பாடல்களும் மட்டுமே. கேட்டவர்களில் அழாதவர் இல்லை என்கிறார். கிரேக்கத்தில் படித்ததை உள்ளூர் மக்களுக்காக ஒருவர் சிரிய மொழியில் சொல்ல, லத்தீன் மட்டுமே தெரிந்தவர்களுக்கு வேறு சிலர் விளக்கினார்கள். அதே காலத்தை ஒட்டி ஹிப்போவில் அகுஸ்தீன் ஒரு மாற்றம் செய்து பார்த்தார். பெரிய வெள்ளிக்கு மத்தேயுவின் பாடுகளின் வரலாறு மட்டுமே படிப்பது அவ்வூர் வழக்கம். ஆண்டுதோறும் நான்கு நற்செய்திகளிலிருந்தும் படிக்கலாமே என்று அவர் ஏற்பாடு செய்ய, வழக்கமாகக் கேட்பதைக் கேட்காத மக்கள் கலங்கிப்போனார்கள் என்று அவரே தம் மறையுரை ஒன்றில் சொல்கிறார். காதுக்குப் பழகிய வாசகம் எவ்வளவு ஆழமாக வேர்விடும் என்பதை அந்த மக்கள் காட்டினார்கள். பட்டியலில் இல்லாதது காலப்போக்கில் வேதத்திலும் இல்லாததாகவே ஆகிவிடும் என்பதும் அதன் மறுபக்கம்.

இந்த மறுபக்கம் மேற்கு ஐரோப்பாவில் முழுதாக வெளிப்பட்டது. 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூல், பழைய ரோமைப் பட்டியலைச் சீராக்கி நிலைநிறுத்தியது. ஓராண்டுச் சுற்று, ஞாயிறுக்கு ஒரு மடல், ஒரு நற்செய்தி. பழைய ஏற்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறக்குறைய இடமே இல்லை. சீர்திருத்தவாதிகள் இதைப் பலவாறு உடைத்தார்கள். ஸ்விங்ளி 1519 ஜனவரி 1 அன்று சூரிச்சில் மத்தேயு நற்செய்தியை முதல் அதிகாரத்திலிருந்து தொடர்ச்சியாக விளக்கத் தொடங்கினார். லூத்தர் பழைய ஞாயிறு வாசகங்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டே உள்ளூர் மொழியையும் பிரசங்கத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் கிரான்மர் 1549ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூலின் முன்னுரையில், ஒரு நூலைத் தொடங்குவதும் முடிக்காமலே விடுவதுமாக இருக்கிறதே என்று வருந்தினார். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை ஆண்டுக்கு ஒருமுறையும், புதிய ஏற்பாட்டை மூன்று முறையும், சங்கீதங்களை மாதம் ஒருமுறையும் படித்து முடிக்கத் திட்டமிட்டார். ஆனால் நாள்தோறும் ஆலயத்துக்கு வருபவர் எத்தனை பேர்? 1784இல் ஜான் வெஸ்லி வட அமெரிக்க மெத்தடிஸ்டுகளுக்காக அந்த நூலைச் சுருக்கியபோது, கிறிஸ்தவ சபையின் வாய்க்குத் தகாதவை என்று முப்பதுக்கும் மேற்பட்ட சங்கீதங்களை அப்படியே விட்டுவிட்டார். கிழக்கிலும் எல்லாம் படிக்கப்படவில்லை. பைசாந்திய மரபின் பட்டியலில் திருவெளிப்பாடு நூலுக்கு இன்றுவரை இடம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்களில் தமிழ் நிலத்துக்கும் பங்குண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இந்தச் சபை ஆக்கிய திருவிருந்து ஆராதனை முறை 1950இல் கூடிய சினாட்டில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. அதில் வேதாகமம் ஊர்வலமாக உள்ளே கொண்டுவரப்படுகிறது. ஸ்காட்லாந்துச் சபையின் வழக்கம் அது. சமாதானம் பரிமாறுவது சிரிய மரபிலிருந்து வந்தது. குருவானவர் மேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நிற்கிறார். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று மூன்று பாடங்கள். கத்தோலிக்க உலகம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஏற்பாட்டுக்கு இடம் தருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. உலகெங்கும் வழிபாட்டைத் திருத்த முனைந்தவர்கள் இந்த முறையை எடுத்துப் படித்தார்கள். நம் ஊர்ச் சபை வரலாறுகளில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் கதவைத் திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4இல் வெளியான திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பின் 51ஆம் எண், வேதத்தின் கருவூலங்களை இன்னும் தாராளமாகத் திறக்கச் சொன்னது. 7ஆம் எண் அதற்கும் மேலே போயிற்று; ஆலயத்தில் வேதம் படிக்கப்படும்போது பேசுபவர் கிறிஸ்துவே என்றது. வாசிப்பே வழிபாடு என்பதற்கு இதைவிட உறுதியான அடிப்படை தேவையில்லை. பட்டியலைத் தயாரிக்கும் குழு 1967இல் தன் வரைவை ஆயர் பேரவைகளுக்கும் சுமார் 800 வல்லுநர்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டது. 1969இல் புதிய பட்டியல் வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்று. முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தவக்காலமும் பாஸ்கா காலமும். வார நாள்களுக்கு ஈராண்டுச் சுற்று. திருப்பாடல்களைத் தவிர்த்துப் பழைய ஏற்பாட்டில் முன்பு ஒரு விழுக்காடு அளவே கேட்ட மக்கள், வார நாள்களையும் சேர்த்தால் இப்போது 14 விழுக்காடு அளவுக்குக் கேட்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் பத்தில் ஏழு பங்கு. வட அமெரிக்கப் புரோட்டஸ்டன்ட் சபைகள் இதைத் தழுவித் தங்களுக்கென்று செய்துகொண்டது, 1992இல் திருத்திய பொது வாசகப் பட்டியலாக முழுமை பெற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த கோடிக்கணக்கானவர்கள் ஒரே நற்செய்திப் பகுதியைக் கேட்பது வரலாற்றில் புதியது. நானூறு ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் வந்த இந்த விளைச்சலை எத்தனை போற்றினாலும் தகும்.

போற்றிக்கொண்டேதான் அதன் ஓரங்களையும் பார்க்கிறேன். குருத்து ஞாயிறன்று முதலாம் ஆண்டில் மத்தேயுவின் பாடுகளின் வரலாறு 26ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன், 6 முதல் 13 வரை, பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் தலையில் நறுமணத் தைலம் ஊற்றுகிறாள். சீடர்கள் எரிச்சல்படுகிறார்கள். உலகில் எங்கே இந்த நற்செய்தி அறிவிக்கப்பட்டாலும் இவள் செய்தது இவள் நினைவாகச் சொல்லப்படும் என்று இயேசு வாக்களிக்கிறார். வாக்களித்த வசனத்தை அடுத்து, யூதாசு காட்டிக்கொடுக்கப் புறப்படும் இடத்திலிருந்து நம் வாசகம் ஆரம்பம். மத்தேயுவின் அந்த எட்டு வசனங்கள் கத்தோலிக்கப் பட்டியலில் வேறெந்த நாளிலும் வருவதில்லை. இரண்டாம் ஆண்டில் மாற்குவின் நீண்ட வாசகத்தில் அவள் வருகிறாள். நேரம் கருதிக் குறுகிய வாசகத்தைத் தேர்ந்தால் அங்கேயும் இல்லை. உயிர்ப்பு ஞாயிறு காலையில் யோவான் 20ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தோடு நிற்கிறது. கல்லறையைப் பார்த்துவிட்டு ஆண்கள் இருவரும் புரிந்துகொள்ளாத நிலையில் முடிகிறது. அழுதுகொண்டு நின்ற மகதலா மரியா உயிர்த்தவரைச் சந்திக்கும் பகுதி, வேலை நாளான செவ்வாய்க்குப் போய்விடுகிறது. திருத்திய பொதுப் பட்டியலில் அது ஞாயிறன்றே 18ஆம் வசனம் வரை தொடர்கிறது. உரோமையர் மடலின் இறுதி அதிகாரம் வார நாள் ஒன்றில் 3ஆம் வசனத்திலிருந்து படிக்கப்படுகிறது. கெங்கிரேயா சபையின் தொண்டரான பெபேயாளைப் பவுல் பரிந்துரைப்பது முதல் இரண்டு வசனங்களில். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனியே ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். எல்லாம் சேரும்போது ஆலயத்தில் பாதிக்கு மேல் அமர்ந்திருக்கும் பெண்களுக்குக் கிடைப்பது, இருக்கிற வேதத்தைவிடப் பெண்கள் குறைந்த ஒரு வேதம்.

புலம்பலுக்கும் இதே கதி. 150 திருப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள். பாபிலோன் ஆற்றங்கரையில் அழும் 137ஆம் திருப்பாடல் தவக்கால ஞாயிறு ஒன்றில் 6ஆம் வசனத்தோடு நிறுத்தப்படுகிறது. பழிக்காகக் கதறும் கடைசி மூன்று வசனங்கள் பாடப்படுவதில்லை. 1970இல் திருத்தப்பட்ட நேர மன்றாட்டு நூலான திருப்புகழ்மாலை 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுதாக விட்டுவிட்டது. உளவியல் சங்கடம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். புலம்பல் நூலிலிருந்து ஞாயிறு வாசகங்களில் ஒரு வரியும் இல்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்க நாள்காட்டியில் திருக்குடும்ப விழா. அன்று காலை கடல் பொங்கி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளும் மடிந்தார்கள். அந்த ஞாயிறுக்குரிய நற்செய்தி மத்தேயு 2ஆம் அதிகாரம், 13 முதல் 15 வரை, பிறகு 19 முதல் 23 வரை. யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்புகிறார். ஏரோது இறந்தபின் திரும்புகிறார். நடுவே விடப்பட்ட மூன்று வசனங்களில்தான் பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள். மாசில்லாக் குழந்தைகள் விழாவான 28ஆம் தேதிக்கென்று அவை ஒதுக்கப்பட்டிருப்பதால் ஞாயிறன்று விடுவது பட்டியலின் கணக்கில் நியாயமே. செவ்வாய்க்கிழமை அது வாசகமாக வந்தது. அப்போது கடற்கரை ஊர்களில் குழந்தைகளைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். 35 ஆண்டுகளுக்கு முன் ரோமில் வகுத்த பட்டியல், ஆறுதல் வேண்டாம் என்று சொல்லும் தாயின் குரலை அந்த நாளில் கொண்டுவந்து வைத்தது. யாரும் அந்த வாரத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியலைப் பின்பற்றுவதன் பெரிய நன்மை இதில் இருக்கிறது. போதகரின் விருப்பத்தையும் கூட்டத்தின் மனநிலையையும் மீறி வேதம் நம்மிடம் வந்து பேசும். அந்த வசனங்கள் வார நாளுக்குப் பதில் ஞாயிறிலும் இருந்தால், துக்கம் வரும் முன்பே சபையின் வாய் அந்தச் சொற்களுக்குப் பழகியிருக்கும். ஆறுதல் மட்டுமே கேட்டுப் பழகிய சபைக்குப் பேரழிவு நாளில் கடவுளிடம் முறையிட மொழி இருக்காது.

தேர்வு தீய நோக்கத்தோடு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கெனத் தேர்ந்த பகுதிகள் என்று அதன் முகப்பே சொன்னது. வழக்கமான வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களில் 232 மட்டும் அதில் இருந்தன. யாத்திராகமத்தில் எகிப்தின் அடிமைத்தனமும் செங்கடலும் இல்லை; கதை சீனாய் மலையில் கட்டளைகளோடு ஆரம்பமாகிறது. அடிமை என்றும் சுதந்திரன் என்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனம் இல்லை. அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் பகுதி பத்திரமாக இருந்தது. மறுகரையில், அமெரிக்காவில் அடிமையாய் இருந்த ஒரு மூதாட்டி தன் பேரனை வேதம் படிக்கச் சொல்லிக் கேட்பார். பவுலின் மடல்களை மட்டும் படிக்க விடமாட்டார், அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 ஒன்றைத் தவிர. எசமானின் போதகர் வந்தபோதெல்லாம் அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற வசனத்தையே எடுத்துப் பேசினார். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டேன் என்று உறுதி எடுத்தேன் என்பது அவர் சொன்ன காரணம். பேரன் ஹவர்ட் தர்மன், பின்னாளில் புகழ்பெற்ற இறையியலாளர்; 1949இல் வெளியான தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். அந்த மூதாட்டி வேதத்தைக் குறைத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேட்பவருக்கும் நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு, அடிபட்டவருக்கு நிச்சயமாக உண்டு.

அப்படியானால் எல்லாவற்றையும் படியுங்கள் என்று நான் கேட்பது எளிய தீர்வாகிவிடாதா? பெரிய வெள்ளி இந்த வாதத்தை நிறுத்திக் கேள்வி கேட்கிறது. அன்று ஆண்டுதோறும் யோவானின் பாடுகளின் வரலாறு முழுதாகப் படிக்கப்படுகிறது. யூதர்கள் என்று அது திரும்பத் திரும்பக் குற்றம் சாட்டுகிறது. இதைக் கேட்டு ஆலயத்தை விட்டு வெளியே வந்த கூட்டங்கள் ஐரோப்பாவில் யூதர்களைத் தாக்கியிருக்கின்றன. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் புனித வாரத்தின் இறுதி நாள்களில் யூதர்கள் வெளியே நடமாடவே கூடாது என்று விதித்தது. வெட்டாமல் படித்த வேதம் ரத்தம் சிந்த வைத்தது. 1959இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதர்களை இழிவாகக் குறித்த சொல்லை நீக்கினார். இயேசுவின் மரணத்துக்கு அன்றைய யூதர் அனைவரையோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்க முடியாது என்று 1965இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. ஆனாலும் வாசகம் அப்படியே இருக்கிறது; இருக்கத்தான் வேண்டும். கடினமான பகுதியைப் படிக்கிற சபை அதைத் தனியே விடக் கூடாது, அந்த இடத்திலேயே அதைப் பற்றிப் பேச வேண்டும். எஸ்ரா படித்தபோது லேவியர்கள் மக்கள் நடுவே நின்று விளக்கினார்கள் என்ற நெகேமியாவின் குறிப்பு எனக்கு இதற்காகவே முக்கியம். மறையுரையின் வேலை, படித்ததை மறக்கடித்துவிட்டு வேறு கதை சொல்வதாக இருக்க முடியாது.

வாசகரிடமே திரும்பி வருவோம். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல், வாசகர் என்ற நிலையான பணியை ஆண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார். நடைமுறையில் தமிழகப் பங்குகளில் பல பத்தாண்டுகளாக முதல் வாசகத்தையும் இரண்டாம் வாசகத்தையும் படித்துவருபவர்களில் பெண்களே அதிகம். 2021 ஜனவரியில் பிரான்சிஸ் சட்டத்தை மாற்றி அந்தப் பணியைப் பெண்களுக்கும் திறந்தார். அவர்கள் கையில் இருக்கும் பட்டியல் 1969இல் வந்து 1981இல் இரண்டாம் பதிப்புக் கண்டதுதான். வார நாள் சுற்றின் முதல் ஆண்டில், பொதுக்காலம் 15ஆம் வாரம் திங்களன்று விடுதலைப் பயண நூலின் தொடக்கம் வருகிறது. 8 முதல் 14 வரை எகிப்தில் ஒடுக்குமுறை. அடுத்து 22ஆம் வசனம், ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியும்படி பார்வோனின் கட்டளை. இடையில் விடப்பட்டவை ஏழு வசனங்கள். சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவச்சிகள் அரசனின் ஆணையை மீறிக் குழந்தைகளைக் காப்பாற்றியதும், அவன் விசாரித்தபோது துணிந்து பதில் சொன்னதும் அவற்றில்தான் இருக்கின்றன. திருத்திய பொதுப் பட்டியலைப் பின்பற்றும் சபைகளில் இந்தப் பகுதியை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில் முழுதாகப் படிக்க வழி இருக்கிறது. கத்தோலிக்கப் பட்டியலின் அடுத்த திருத்தத்துக்கு ஆயர் பேரவைகள் பரிந்துரை அனுப்பும் நாள் வந்தால் இந்த ஏழு வசனங்களும், பெத்தானியாப் பெண்ணின் எட்டு வசனங்களும், புலம்பல் நூலுக்கு ஒரு ஞாயிறும் நம் பக்கத்திலிருந்து முதலில் போக வேண்டும்.